ஆத்தங்கரைத் தெருவின் சூலி

ஆத்தங்கரைத் தெருவில் ஒரு பெண்ணைப் பார்த்து, "முழுகாம இருக்கியா?" என்று யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கேட்டால் கண் பட்டுவிடும், கேட்ட வாயின் காற்று பட்டாலே கரு தங்காது என்று அந்தத் தெருவுக்கு ஒரு பயம். ஆகையால் அங்கே கேள்வி கிடையாது, பார்வைதான் உண்டு. கோலம் போடக் குனிகையில் பார்ப்பார்கள், குழாயடியில் குடத்தை நிமிர்த்துகையில் பார்ப்பார்கள், அப்பளம் காயப் போட்ட பாயைச் சுருட்டிக்கொண்டு எழுகையில் பார்ப்பார்கள், பார்த்துப் பார்த்து மனசுக்குள்ளேயே மாசத்தைக் கணக்குப் போட்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தாம்பாளத்தில் கண்ணாடி வளையலும் சந்தனமும் ஏந்தி வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். மற்ற ஊர்களில் தலைப்பிள்ளைக்கு மட்டும்தான் வளைகாப்பு. ஆத்தங்கரைத் தெருவிலோ எத்தனையாவது பிள்ளையானாலும் உண்டு. எல்லாம் நல்ல மனசோடு செய்கிற காரியம். அந்த நல்ல மனசில்தான் செண்பகவடிவு மாட்டிக்கொண்டாள்.

வடிவுக்கு முதல் பேறு இரட்டைப் பையன்கள். இரண்டு பேரும் வயிற்றுக்குள் முட்டி மோதி வளர்ந்ததில் அவள் நடந்து வந்தால் முதலில் வயிறு வரும், கொஞ்ச நேரம் கழித்து வடிவு வருவாள் என்று தெருவே சிரித்தது. அவர்கள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கின பிறகு கோமு பிறந்தாள். பேறு முடிந்ததும் வழக்கப்படி பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டினார்கள். கட்டு இருந்தவரை வயிறு இருந்தது தெரியவில்லை. கட்டை அவிழ்த்தார்கள், வயிறு திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. படுக்கையிலிருந்து எழும்பும்போது தொப்புளுக்கு மேலே வரப்பு மாதிரி ஒரு மேடு எழும்பும். திரும்பப் படுத்து அந்த இடத்தில் கை வைத்தால் விரல் மெத்தென்று உள்ளே இறங்கும். முதுகு எந்நேரமும் கடுக்கும். பெற்றவள் உடம்பு எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் போல என்று வடிவு யாரிடமும் சொல்லவில்லை. காலையில் ஆற்றங்கரை அம்மனைக் கும்பிடும்போது மட்டும், "தாயே, என் முதுகைக் கொஞ்சம் பாத்துக்கோ" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வாள்.

கோமு சுவரைப் பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கியிருந்த மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, தெருப் பெண்கள் எல்லாரும் தாம்பாளத்தோடு வந்தார்கள். முன்னால் நின்றவள் ஆவுடைத்தங்கம். தெருவில் பாதிப்பேர் அவளுடைய அப்பளக் கம்பெனியில்தான் அப்பளம் இட்டார்கள். நல்லது கெட்டது எதுவானாலும் அவள்தான் முன்னால் நிற்பாள்.

"இல்ல அத்தை, சத்தியமா ஒண்ணும் இல்ல" என்றாள் வடிவு. "போன வாரங்கூட தலைக்குக் குளிச்சேன்."

"எல்லாளும் இதைத்தான் சொல்லுவா. எங்க கடைக்குட்டிக்கு நான் ஏழு மாசம் வரைக்கும் வாயுன்னு சொல்லிக்கிட்டு அலைஞ்சேன். கைய நீட்டுளா."

"அத்தை, இது வெறும் வயிறு."

"வெறும் வயிறா! ஏ பேச்சித்தாயி, இவ வெறும் வயிறப் பாரேன்!"

பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் சிரித்தாள், எல்லாரும் சிரித்தார்கள். சந்தனத்தைக் கன்னத்தில் பூசிவிட்டார்கள், வேப்பிலைக் காப்பை முதலில் மாட்டினார்கள். பூசின சந்தனத்தோடு வேண்டாம் என்று கையை இழுத்துக்கொள்வது அமங்கலம் அல்லவா, அதுவும் ஐந்து வகைச் சோறு பொங்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள், அதில் எலுமிச்சைச் சோற்றுக்கு நிலக்கடலை வறுத்துப் போட்டிருக்கிறார்கள். வடிவு கையை நீட்டினாள். ஆளுக்கு ஒன்றாய், பச்சையும் சிவப்பும் ஊதாவுமாய், இரண்டு கையிலும் முழங்கை முட்ட வளையல் ஏறியது. இரண்டு நாள் போட்டிருந்துவிட்டுக் கழற்றி வைத்துவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள்.

ஆனால் வளைகாப்பு வளையலுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. பிள்ளை பிறந்த பிறகுதான் அது கையை விட்டு இறங்க வேண்டும். அந்த வளையல்கள் அந்தக் கட்டுப்பாட்டை மீறவில்லை. சோப்பு போட்டு இழுத்தாள், விளக்கெண்ணெய் தடவி இழுத்தாள், வரவில்லை. சரி உடைத்துவிடலாம் என்று அம்மியில் தட்டினாள், அம்மி கொத்தின மாதிரி ஆனதே தவிர வளையலில் ஒரு கீறல் இல்லை. அப்பள மாவை உலக்கையால் இடிக்கிறபோது உலக்கையே நேராக வளையலில் இறங்கியது, உலக்கைப் பூண் கழன்று ஓடியது. அவள் புருஷன் பிரமநாயகம் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், பொறுமைசாலி. வேனிலிருந்து ஸ்பேனரும் சுத்தியலும் எடுத்துவந்து ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்துவிட்டு வேர்த்துப்போய் உட்கார்ந்தார். வளையல் விற்றவரையே வரவழைத்தார்கள். அவர் அரம் வைத்து ராவிப் பார்த்துவிட்டு, "இது நான் கொடுத்த சரக்கு இல்ல தாயி. என் சரக்கு கூடையிலேயே பாதி நொறுங்கிப் போகும்" என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் போனார்.

"நீ சொல்லுததை நான் நம்புதேன் வடிவு" என்றார் பிரமநாயகம். "வளையலு நம்ப மாட்டேங்குதே, என்ன செய்ய?"

தெரு வளையல்களைத்தான் நம்பியது. உள்ளே பிள்ளை இல்லாமலா வளையல் இப்படிக் காவல் நிற்கும்? பத்து மாதம் போயிற்று, அடுத்த ஆடியும் தையும் போயின. அதனால் என்ன, யானை இரண்டு வருஷம் சுமக்கிறது, சில பிள்ளைகள் உள்ளேயே நிதானமாக எல்லாம் கற்றுக்கொண்டு வரும் என்றார்கள். மாதாமாதம் தலைக்குக் குளிக்கிறாளே என்று ஒருத்தி சந்தேகம் கேட்டதற்கு, அப்படியும் சில உடம்பு உண்டு என்று ஆவுடைத்தங்கம் முடித்துவிட்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் யாருக்கும் இது அதிசயமாகவே தோன்றவில்லை. சில தெருவில் ஓர் ஆலமரம் இருக்கும், சில தெருவில் ஒரு பாழுங்கிணறு இருக்கும், ஆத்தங்கரைத் தெருவில் பிள்ளை பெறாத ஒரு சூலி இருந்தாள், அவ்வளவுதான்.

சூலி இருக்கிற தெருவுக்கு லட்சுமி கடாட்சம் என்று கடை திறக்கிறவர்கள் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் முதல் சாமானைத் தொடச் சொன்னார்கள். கல்யாணப் பெண்கள் வந்து காலில் விழுந்தார்கள். அப்பள சீசன் தொடங்கினால் முதல் பாய் அவள் கையால்தான் விரிய வேண்டும். பிள்ளை இல்லாதவர்கள் வந்து அவள் வீட்டு ஜன்னல் கம்பியில் குட்டிக்குட்டியாய் மரத்தொட்டில் கட்டினார்கள், கட்டிக் கட்டி ஜன்னலில் வெளிச்சம் வருகிற வழி அடைந்தது. அங்கன்வாடியிலிருந்து சத்துமாவு தவறாமல் வந்தது, ரேஷன் கடையில் வரிசை கிடையாது, பஸ்ஸில் உட்கார இடம் உண்டு. ஆனால் பஸ் ஏறி அவள் எங்கே போவது? சூலி ஆற்றைக் கடக்கக் கூடாது. பாலத்துக்கு அந்தப்புறம்தான் அவள் பிறந்த வீடு. சாவு வீட்டுக்குப் போகக் கூடாது, மலைக்கோயில் ஏறக் கூடாது, உச்சிவேளையில் வாசல் தாண்டக் கூடாது. பிரமநாயகத்துக்கும் கட்டுதான். சூலியின் புருஷன் முகம் வழிக்கக் கூடாது, பாடை தூக்கக் கூடாது, வீடு கட்டுகிற வேலை எடுக்கக் கூடாது. பாதி எழும்பின மாடியில் கம்பிகள் துருப்பிடித்து வானத்தைப் பார்த்து நின்றன, கீழே அவர் தாடியோடு வேனைத் துடைத்துக்கொண்டு நின்றார். வேனில் ஏறுகிற சின்னப் பிள்ளைகள் அவரைச் சாமியார் மாமா என்று கூப்பிட்டார்கள்.

இதையெல்லாம்கூட வடிவு பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். சூலி இடுப்பில் பிள்ளையைத் தூக்கக் கூடாது.

கோமு நடக்கப் பழகி விழுந்தபோதெல்லாம் அம்மாவைப் பார்த்துத்தான் இரண்டு கையையும் தூக்கினாள். தூக்கின கைக்குள் வேறு யாராவது வந்து புகுந்துகொள்வார்கள். "நீ எழும்பாதளா, நான் பாத்துக்கிடுதேன்" என்று பேச்சித்தாய் ஓடிவந்து அள்ளிக்கொண்டு போவாள். யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒருமுறை வடிவு கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளையைத் தூக்கிப் பார்த்தாள். வயிற்றில் அந்த வரப்பு புடைத்துக்கொண்டு எழும்பியது, முதுகு முறிகிற மாதிரி வலித்தது, பிள்ளையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வளையல் கலகலத்த சத்தத்தில் நாலு பெண்கள் ஓடிவந்துவிட்டார்கள். தெரு தடுத்தது பாதி, உடம்பு தடுத்தது பாதி. இரண்டுக்கும் நடுவில் வடிவு அகப்பட்டுக் கிடந்தாள்.

கொஞ்ச நாளில் கோமு கையைத் தூக்குவதை நிறுத்திவிட்டாள். விழுந்தால் தானே எழுந்து, தானே மண்ணைத் தட்டிக்கொண்டு போனாள். ஒருநாள் சொப்பு வைத்து விளையாடும்போது தன் பொம்மையைக் கொண்டுவந்து வடிவின் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, விரலை ஆட்டிச் சொன்னாள்: "நீ தூக்கக் கூடாது. பாத்துக்கிட மட்டும் செய்யி."

வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கிறாள், இன்னும் கொஞ்ச காலம் போனால் தூக்குகிற வயசே தாண்டிவிடும். அன்று சாயங்காலம் அம்மனிடம் அவள் முதுகைப் பற்றிப் பேசவில்லை. "தாயே, இவ இடுப்புல ஏறுற வயசு கடக்குறதுக்குள்ள ஒரு தடவை, ஒரே ஒரு தடவை" என்று மட்டும் கேட்டாள். கேட்கும்போதே அழுதுவிட்டாள்.

மறுவாரம் முதுகுவலி தாங்காமல் அவள், "அம்மா, முடியலையே" என்று அரற்ற, தெரு அதை வேறுமாதிரி எடுத்துக்கொண்டது. நோவு கண்டுவிட்டது! குலவை போட்டார்கள், ஆட்டோ வந்தது, பிள்ளை பெறப் போகிறவள் மட்டும் ஆற்றைக் கடக்கலாம் என்ற விதி இருந்தபடியால் பாலத்துக்கு அந்தப்புறம் இருந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வடிவைக் கொண்டுபோனார்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் ஆட்டோவுக்குள்ளிருந்து ஆற்றைப் பார்த்தாள். பாதி மணலும் பாதி தண்ணீருமாய் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிரசவ வார்டில் ஸ்கேன் வைத்துப் பார்த்த டாக்டர், பிள்ளையும் இல்லை கட்டியும் இல்லை என்று சொல்லி, இயன்முறை சிகிச்சை அறைக்கு அனுப்பினார். அங்கே ரிஸ்வானா என்று ஒரு இளம்பெண் இருந்தாள். பாயில் மல்லாந்து படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்கச் சொல்லி, தலையை மட்டும் லேசாகத் தூக்கச் சொல்லித் தொப்புளுக்கு மேலே விரல்களை வைத்தாள். வரப்பு எழும்பியது. விரல்கள் இறங்கின.

"நாலு விரல் உள்ள போகுதேக்கா. ரெட்டைப் பிள்ளை சுமந்தீங்களோ?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வயித்துக்கு நடுவுல மேலருந்து கீழ ரெண்டு பட்டையா தசை ஓடுதுக்கா. பிள்ளை வளர வளர அது விலகிக் கொடுக்கும். பேறுக்குப் பெறவு சிலருக்கு ஒண்ணு சேரும், சிலருக்குச் சேராது. உங்களுக்குச் சேரல. அதான் வயிறு தள்ளி நிக்குது, முதுகும் தாங்க மாட்டேங்குது. வேட்டி கட்டினா கட்டின நேரத்துக்குத் தாங்கும். தசை தானா தாங்கப் பழகணும்ல?"

தன் உடம்பைப் பற்றி ஒருத்தி தன்னிடமே சொல்வது அவளுக்குப் புதிதாக இருந்தது. பிறகு வளையல் கையைத் தூக்கிக் காட்டினாள். ரிஸ்வானா ஒன்றைச் சுண்டிப் பார்த்தாள்.

"இதை உடைக்க எனக்கு வைத்தியம் தெரியாதுக்கா. உள்ள இருக்கிற விலகலுக்குத்தான் நான் பாக்கேன்."

"நான் எப்பம் என் மகளைத் தூக்கலாம்?"

"எவ்வளவு கனம் இருப்பா?"

"தெரியாது" என்றாள் வடிவு. "நான் தூக்கி வருசக்கணக்காச்சு."

ரிஸ்வானா பாயில் அவள் பக்கத்தில் தானும் படுத்துக்கொண்டு மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தாள். உள்ளே இழுக்கும்போது விலா விரியட்டும். வெளியே விடும்போது அவசரப்படாமல், ஒண்ணுக்கை அடக்குகிற மாதிரி கீழிருந்து மேலே இழுத்து, தொப்புளை முதுகெலும்பைப் பார்த்து அனுப்பு. எழும்புகையில் மல்லாந்தபடி எழும்பாதே, ஒருச்சாய்ந்து கையை ஊன்றி எழும்பு. வயிறு குறையும் என்று யாராவது சொன்னார்கள் என்று மல்லாந்து படுத்து எழும்பி எழும்பிப் பயிற்சி செய்யாதே, அது விலகலை இன்னும் தள்ளிவிடும். மெள்ளத்தான் ஆகும். முழுசாக ஒட்டாமலும் போகலாம், ஆனால் பலம் வரும். பலம் வந்தால் போதும், தூக்கலாம்.

அன்று அவள் பிள்ளை இல்லாமல் திரும்பியதைப் பார்த்து, "பொய் நோவு" என்றது தெரு. செக்கப்புக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று வடிவு சொன்னாள், அது பொய்யும் இல்லை. செக்கப்பும் பேற்றோடு சேர்த்திதானே என்று தெரு விட்டுவிட, வாரம் ஒருநாள் அவள் ஆற்றைக் கடந்தாள். மூச்சோடு முதலில் ஒரு காலை நீட்டி மடக்கினாள், பிறகு கையையும் காலையும் மாற்றி மாற்றி நீட்டினாள், பிறகு ஒரு செம்புத் தண்ணீரை ஊதிக்கொண்டே தூக்கினாள். மூன்று விரலாயிற்று என்றாள் ரிஸ்வானா.

வயிறு கொஞ்சம் அடங்கியதும் பார்வையிலேயே கணக்குப் போடுகிற தெருவுக்கு அது தப்பவில்லை. ஆஸ்பத்திரியில் பெருக்குகிற ஒருத்தி வேறு, உங்க வடிவு பாயில படுத்துக்கிட்டு வயித்த உள்ள உள்ள இழுக்கா என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கே ஆவுடைத்தங்கம் வந்து நடுவீட்டில் நின்றாள்.

"பிள்ளையக் கரைக்கப் பாக்கியாமே?"

"அத்தை! இல்லாத பிள்ளைய எப்படிக் கரைக்க?"

"இல்லாத பிள்ளைக்கா இத்தன வளையலு தாங்கிக்கிட்டு நிக்குது? உன் ஜன்னல்ல தொட்டில் கட்டித்தான் எங்க மருமவளுக்குத் தங்கியிருக்கு, தெரியும்லா? பத்து வருசத்துக்குப் பெறவு இப்பந்தான் ரெண்டு மாசம். உன் வயிறு வத்துனா அவ வயிறு என்னத்துக்கு ஆகும்? நெனச்சுப் பாத்தியா?"

கேட்டுவிட்டு, ஜன்னலில் மருமகள் கட்டின தொட்டிலின் முடிச்சை இறுக்கிவிட்டாள். வடிவுக்கு அவள்மேல் வருத்தம் வரவில்லை, இரக்கம்தான் வந்தது. இரக்கம் வந்ததால்தான் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் நின்றாள். அன்றிலிருந்து பாலம் அடைபட்டது. ஆட்டோக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவைத்தாயிற்று. முறைபோட்டு ஒரு பெண் எந்நேரமும் அவளோடு இருந்தாள். பாயில் படுத்துக் காலை மடக்கினால், "என்ன செய்த?" என்று கேள்வி வந்தது. ஒரு செம்பைத் தூக்கினால் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் மூச்சை யார் பிடித்து வைக்க முடியும்? அப்பளப் பலகையின் முன்னால் உட்கார்ந்து, மாவு உருண்டையைத் தேய்த்துக்கொண்டே வடிவு மூச்சு இழுத்தாள். வெளியே விடும்போது அம்மன் பெயரைச் சொல்லி விட்டாள், ஒரு பெயருக்கு ஒரு மூச்சு. காவலுக்கு இருந்த பெண்கள் உதடு அசைவதைப் பார்த்து, "பிள்ளைக்காகச் செபிக்கா, பாவம்" என்று பேசிக்கொண்டார்கள். அதுவும் உண்மைதான், பிள்ளைக்காகத்தான் செபித்தாள். எந்தப் பிள்ளை என்று அவர்கள் கேட்கவில்லை. மாவு உருட்டி வைத்த சட்டியைப் பலகையின் இந்தப்பக்கத்திலிருந்து அந்தப்பக்கம் மாற்றி வைக்கிற சாக்கில் ஊதிக்கொண்டே தூக்கினாள், நாளுக்கு நாள் சட்டியில் மாவைக் கூட்டினாள். பிள்ளையும் கனத்துக்கொண்டே போகிறாள், நானும் பலத்துக்கொண்டே போக வேண்டும், எது முந்தும் தாயே என்று அவளுக்கு அடித்துக்கொண்டது.

அப்படி ஒரு மத்தியானம், மூச்சு வெளியே போய் வயிறு உள்ளே ஒடுங்கி, இடமும் வலமும் நடுவில் ஏதோ ஒன்றையொன்று தொட்ட மாதிரி இருந்த நொடியில், டக் என்று ஒரு பச்சை வளையல் தானாக உடைந்து மாவில் விழுந்தது. காவலுக்கு இருந்த பேச்சித்தாய் கண்ணை மூடியிருந்தவள் திறந்தாள்.

"வளையலு ஒடையுதுளா!"

"ஆமா."

"அப்பம் வரப் போகுது!"

தெருவே எழும்பியது. அண்டாவில் வெந்நீர் போட்டார்கள், பழந்துணி கிழித்தார்கள், ஒன்றும் வரவில்லை. போட்ட வெந்நீரை வீணாக்காமல் தெருப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் குளிப்பாட்டினார்கள். அடுத்த வளையல் உடைந்தபோதும் வெந்நீர், அதற்கடுத்ததற்கும் வெந்நீர். சுமந்ததே இத்தனை வருஷம் என்றால் நோவும் வருஷக்கணக்கில்தான் இருக்கும் என்று தெரு ஒரு முடிவுக்கு வந்தது. வடிவின் வளையல் உடைந்தால் தலைக்குக் குளிக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு வழக்கமாகிப் போனது. ஆவுடைத்தங்கத்தின் மருமகளுக்கும் நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. அதன்பின் ஆவுடைத்தங்கம் வடிவின் வயிற்றை அவ்வளவாக முறைத்துப் பார்க்கவில்லை. ஆனாலும் காவலை எடுக்கச் சொல்லவும் இல்லை. வடிவின் இடது கை முழுக்க வெறுமையாயிற்று. வலது கையில் கொஞ்சம் மீதி இருந்தது.

அந்த வருஷம் சூரிய கிரகணம் வந்தது. கிரகணத்தில் சூலியின் மேல் வெளிச்சத்தின் ஒரு நூல்கூட விழக் கூடாது. உள்ளறையில் வடிவை இருத்தி, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, கதவிடுக்கில் துணி திணித்து, மடியில் தர்ப்பைப் புல்லைப் போட்டுவிட்டு, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். அப்புறம் அவரவர் வீட்டுக்குப் போய் அவரவர் கதவையும் சாத்திக்கொண்டார்கள். பிரமநாயகம் பையன்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போனவர் பாலத்துக்கு அந்தப்புறமே நின்றுவிட்டார். கோமுவைப் பேச்சித்தாய் தன் வீட்டில் வைத்திருந்தாள். பகல் மங்கி, காக்கைகள் குழம்பிக் கத்தி ஓய்ந்து, தெரு மூச்சுக்காட்டாமல் கிடந்தது.

இருட்டில் வடிவு சுவரோடு சாய்ந்திருந்தாள். வெளியே சின்னதாக ஒரு தேம்பல் கேட்டது. பேச்சித்தாய் அசந்த நேரம் எப்படியோ நழுவி வந்து, வெயில் செத்துப்போன முற்றத்தில் கோமு நின்றுகொண்டிருந்தாள். அழுகை பெரிதாகவில்லை. சத்தமாக அழுதால் யாராவது வந்து தூக்குவார்கள் என்று எதிர்பார்த்து அழுகிற அழுகை இல்லை அது. தனக்குத்தானே அழுதுகொள்கிற அழுகை.

வடிவு காத்திருந்தாள். யாராவது ஓடிவருவார்கள், நீ எழும்பாதளா என்பார்கள். ஒரு கதவும் திறக்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவில் ஓடிவர ஒருத்தரும் இல்லை, ஒரு கதவுதான் இருந்தது, அதுவும் உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதவு.

ஒருச்சாய்ந்து, கையை ஊன்றி எழுந்தாள். தர்ப்பை மடியிலிருந்து உதிர்ந்தது. கதவைத் திறந்தாள். முற்றத்தில் சாம்பல் நிற வெளிச்சம் கிடந்தது, மேலே விழுந்தது, ஒன்றும் சுடவில்லை. கோமு அவளைப் பார்த்தாள், பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீ வரக் கூடாதும்மா."

"வந்துட்டேன்."

"தூக்கவும் கூடாது."

வடிவு பிள்ளைக்கு நெருக்கமாகப் போய்க் குத்தவைத்தாள். இரண்டு கையையும் அவள்தான் நீட்டினாள், நீட்டிக்கொண்டு இருந்தாள். கோமு நீட்டின கைகளை முதலில் சந்தேகமாகப் பார்த்தாள், அப்புறம் ஓர் அடி வந்தாள், அப்புறம் மூக்கைப் புறங்கையால் துடைத்துவிட்டு வந்து நெஞ்சில் முட்டினாள். தாயே என்று மூச்சை வெளியே விட்டாள் வடிவு, விட்டுக்கொண்டே எழும்பினாள், வயிறு வரப்பு கட்டவில்லை, உள்ளே ஒடுங்கி முதுகோடு நின்றது, முழங்கால் நிமிர்ந்தது, பிள்ளை தரையை விட்டு மேலே வந்தாள், இடுப்பில் உட்கார்ந்தாள், அந்தக் கனம் இவ்வளவுதானா, இவ்வளவா என்று தெரியாமல் வடிவு சிரித்தாள். மிச்சமிருந்த வளையல்கள் எல்லாம் ஒரேயடியாக உடைந்து முற்றத்தில் கொட்டின.

அந்தச் சத்தம் கிரகணத்தின் அமைதியில் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. கிரகணம் விட்டதும் கதவுகள் திறந்தன, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டப் பெண்கள் ஓடிவந்தார்கள். முன்னால் ஆவுடைத்தங்கம். கொட்டிக் கிடந்த கண்ணாடியைப் பார்த்தாள், வெறும் கையைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள்.

"பெத்துட்டியா?"

வடிவு பதில் சொல்லுமுன் பேச்சித்தாய் கேட்டாள், "என்ன பிள்ளை?"

வடிவு ஒரு நொடி யோசித்தாள். "பொம்பளப் பிள்ளை" என்றாள்.

குலவைச் சத்தம் எழும்பியது. தெரு கோமுவைச் சுற்றி நின்று பார்த்தது. கிரகணத்தில் பிறந்த பிள்ளை, உதடு முழுசாக இருக்கிறதா, விரல் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். "பல்லோட பொறந்திருக்கு" என்றாள் ஒருத்தி. "இத்தன வருசம் உள்ள இருந்தா பல்லு மொளைக்காதா?" என்றாள் இன்னொருத்தி. "நம்ம கோமு சாடையாவே இருக்கா பாரேன்." கோமு எல்லாரையும் முறைத்துவிட்டு, "நான் கோமுதான்" என்றாள். "பேச்சும் வந்துட்டு!" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். யாரோ பிரமநாயகத்துக்குப் போன் போட்டு, முகம் வழித்துக்கொண்டு வீட்டுக்கு வரச் சொன்னார்கள்.

சாயங்காலத்துக்குள் சுக்கும் மிளகும் திப்பிலியும் இடித்து மருந்துருண்டை வந்தது, பூண்டுக் குழம்பு வந்தது, பழைய வேட்டி கிழித்து வயிற்றுக் கட்டுக்குத் தயாராக வந்தது. ஆவுடைத்தங்கம் வாசற்படியில் வேப்பிலை சொருகிவிட்டு விரலை மடக்கிச் சொல்லத் தொடங்கினாள்.

"பச்ச ஒடம்புளா. இனி நாப்பது நாளைக்குப் பச்சத் தண்ணி தொடக் கூடாது. காத்துல நிக்கக் கூடாது. வாசல் தாண்டக் கூடாது, கோயிலுக்குப் போகக் கூடாது, ஆத்தக் கடக்கவே கூடாது. குடு, பிள்ளைய நான் வச்சிக்கிடுதேன். நீ உள்ள போயிப் படு."

"சரி அத்தை" என்றாள் வடிவு. சொன்னதையெல்லாம் மரியாதையாகக் கேட்டாள், மருந்துருண்டையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள், எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். பிள்ளையை மட்டும் கொடுக்கவில்லை. இடுப்பில் சற்றே ஏற்றி வைத்துக்கொண்டு வேப்பிலைக்குக் கீழே குனிந்து வாசலைத் தாண்டினாள்.

"ஏளா, எங்க போற?"

"எங்க அம்மை வீட்டுக்கு அத்தை. போயிட்டு வாரேன்."

ஆவுடைத்தங்கம் வாயைத் திறந்தாள். அவள் வீட்டிலிருந்து பேத்தி அழுகிற சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பினாள்.

பாலத்தில் காற்று அடித்தது. வடிவுக்கு முதுகு கடுத்தது, வயிற்று விலகல் இன்னும் இரண்டு விரல் பாக்கி என்று அவளுக்குத் தெரியும், பாலத்தின் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். கோமுவின் நீண்ட கால்கள் அவள் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தன.

"எறக்கி விடும்மா" என்றாள் கோமு. "நான் பெரிய பிள்ளை. நானே நடப்பேன்."

"நடப்ப. எனக்குத் தெரியும்."

"பெறவு?"

"அந்தக் கம்பம் வரைக்கும்" என்றாள் வடிவு.

கம்பம் வந்தது, பின்னால் போயிற்று. கோமு அதைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரு கையை எடுத்து அம்மாவின் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.